குழலும் கட்டையும்

எங்கள் ஆற்றங்கரையில் துப்பாக்கி பயணம் போனால் அது கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பிரிந்துதான் போகும். இரும்புக் குழல் அவன் முதுகில், தோளில் ஊன்றும் மரக்கட்டை அவள் முதுகில். தோட்டாக்கள் இருவரிடமும் இல்லாமல் அரிசிப் பானைக்குள். இதை முதலில் செய்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒரு முறை டவுனிலிருந்து வந்த அதிகாரி பல குடித்தனங்கள் ஒரே கூரைக்கடியில் வாழும் எங்கள் நீள வீட்டின் பொதுக்கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்து, கொடுத்த அரிசிக்கள்ளை ஒரு மிடறு குடித்துவிட்டு, படகிலோ வண்டியிலோ ஏறும்போது துப்பாக்கியைக் கழற்றிச் சுற்றி எடுத்துப் போங்கள், தோட்டாவைத் தனியாக வையுங்கள் என்று சொல்லிப் போனார். அவர் சொன்னது அவ்வளவுதான். கழற்றியதை ஒரே கூடைக்குள் போட்டால் கழற்றியதாக ஆகுமா என்று எங்கள் ஆட்கள் பிறகு தங்களுக்குள் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் சட்டத்தைவிட ஒரு படி மேலே போய் இரண்டு முதுகில் ஏற்றினார்கள். நாங்கள் கீழ்ப்படிகிறவர்கள். சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே கீழ்ப்படிவோம்.

அந்த ஆண்டு மலைநெல் சீக்கிரமே மஞ்சள் பூத்தது. மங்காட்டின் துப்பாக்கி லைசென்ஸ் மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் துப்பாக்கியையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அறுவடை தொடங்கிவிட்டால் யாரும் வயலை விட்டு அசைய முடியாது. அதற்கு முன்னால் போய் வந்துவிட வேண்டும் என்று மங்காட் நினைத்தான். நெல் பால் பிடிக்கும் வாசனை காட்டுப் பன்றிகளுக்கு மூன்று மலை தாண்டியும் எட்டிவிடும். அவை வரும்போது துப்பாக்கி வீட்டில் இருந்தாக வேண்டும்.

மங்காட்டின் மனைவி பெயர் மிந்து. மூத்த மகன் சிபாட் பிறந்த நாளிலிருந்து அவளை அந்தப் பெயரால் யாரும் அழைத்ததில்லை. எங்கள் வழக்கப்படி அவள் இண்டாய் சிபாட், சிபாட்டின் தாய். அவன் அப்பாய் சிபாட். சிபாட் கடலோரத்தில் எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போய், விழாவுக்கு மட்டும் வந்துபோகிறவனாகிவிட்ட பிறகும் அந்தப் பெயர்கள் மட்டும் வீட்டிலேயே இருந்தன.

புறப்படும் காலையில் மிந்து கட்டையைப் பழைய கைலியில் சுற்றி முதுகுக் கூடையின் அடியில் வைத்தாள். மேலே மாற்றுத்துணி, இலையில் கட்டிய சோறு, உப்பில் புளிக்கவைத்த மீன். மங்காட் குழலைத் தன் படுக்கைப் பாய்க்குள் வைத்துச் சுருட்டி இரண்டு இடத்தில் கட்டினான். பக்கத்துக் குடித்தனக்காரி இண்டாய் லூத்தா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூங்கிலில் வெந்த சோற்றை ஒரு தட்டில் வைத்திருந்தாள்.

“வருஷா வருஷம் இதைத்தான் புதுப்பிக்கிறான்,” என்றாள் மிந்துவிடம். “உன்னை ஒரு தடவை கட்டினதோட சரி.”

“என்னைப் புதுப்பிக்கணும்னா என்னையும் கழட்டணும்ல,” என்றாள் மிந்து.

கூடத்தில் பாய் முடைந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மங்காட் சிரிக்கவில்லை. அவன் அதற்குள் ஏணியில் பாதி இறங்கியிருந்தான். சாப்பாட்டை நீட்டினால், வேண்டாம் என்றாலும் விரலால் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தொடாமல் போகிறவனுக்கு வழியில் ஏதாவது நேரும் என்பது நாங்கள் பால்குடி மறக்கும் முன்பே கற்றுக்கொண்டது. இண்டாய் லூத்தா தட்டை நீட்டியபடியே நின்றாள். மிந்து தன் விரலால் சோற்றைத் தொட்டாள். அவனுக்கும் சேர்த்து இன்னொரு தடவை தொட்டாள். அது செல்லுமா என்று அவளுக்குத் தெரியாது.

மழை பெய்து பல நாளாகியிருந்தது. ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே போய், கூழாங்கல் திட்டுகள் முதலை முதுகுபோல வெளியே தெரிந்தன. திட்டு வந்த இடத்திலெல்லாம் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு இருவரும் இறங்கிப் படகைத் தள்ளினார்கள். மங்காட் முன்பக்கம், அவள் பின்பக்கம். இரும்புமர அடிப்பலகை கல்லில் உரசும் ஓசை கரையோர மரங்களில் மோதித் திரும்பியது. மூன்றாவது திட்டிலோ நான்காவது திட்டிலோ அவன் படகை விட்டுவிட்டுத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“வழுக்கிருச்சா?” என்று கேட்டாள்.

அவன் வலது தொடை வயிற்றோடு சேரும் இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தான். அந்தக் கை அங்கே போன விதத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அது புதிதாக வந்த வலிக்குப் போகிற கை இல்லை. பழகிய இடத்துக்குப் போகிற கை. எத்தனை காலமாக இவன் விறகு தூக்கியபோதும் நெல் மூட்டை இறக்கியபோதும் கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டு இதைச் செய்திருக்கிறான். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை எடுத்து என்னவென்று கேட்காமல் விட்டிருக்கிறாள். ஒரே கொசுவலைக்குள் படுக்கிறவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு குறைவாகப் பார்க்கிறார்கள் என்று, படகைத் தனியாக இழுத்துத் திட்டைக் கடந்தபோது அவள் நினைத்தாள்.

ஆறு பெரிய ஆற்றோடு சேரும் இடத்தில் ஒரு வரிசைக் கடைகளும், ஒரு பள்ளிக்கூடமும், அரசு கிளினிக்கும் உண்டு. டாக்டர் கிடையாது. காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரசர் லாவாய்தான் எல்லாம். அவர் மங்காட்டைப் படுக்க வைத்து, வீங்கிய இடத்தை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். மங்காட் கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்தான்.

“இது எவ்வளவு காலமா இருக்கு?”

“மூணு நாலு அறுப்பு ஆச்சு. வரும். அமுக்கினா உள்ள போயிரும்.”

“இன்னைக்குப் போகலை.”

“இன்னைக்குப் போகலை,” என்று மங்காட் ஒத்துக்கொண்டான்.

குடல் இறங்கி மாட்டிக்கொண்டிருக்கிறது, டவுன் ஆஸ்பத்திரியில் இன்றைக்கே அறுத்துச் சரி செய்ய வேண்டும், நாளை என்றால் குடல் செத்துப்போகும் என்று லாவாய் சொன்னார். சத்தம் போடாமல், சந்தைக்குப் போகும் வழியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“போலீஸ் ஸ்டேஷன்ல துப்பாக்கியைக் காட்டிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்,” என்றான் மங்காட்.

“ரெண்டும் ஒரே தெருவுலதான் இருக்கு, அப்பாய். முதல்ல உன்னைக் காட்டு.”

கிளினிக்கின் படகு ஏற்கெனவே தயாராக நின்றது. பிரசவ வலியில் ஒரு பெண், அவள் தாய், ஒரு நர்ஸ். மங்காட்டைக் குறுக்கே படுக்க வைத்தால் வேறு யாருக்கும் இடமில்லை. மிந்து மதியத்து விரைவுப் படகில் வருவதென்று ஆயிற்று. படகோட்டி அவன் முழங்காலுக்கு அடியில் வைக்க எதையாவது தேடி, பக்கத்திலிருந்த பாய்ச் சுருளை எடுத்துச் செருகினான். மிந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அவள் கை காட்டினாள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

படகு வளைவில் மறைந்த பிறகுதான் அவன் என்ன சொல்ல வந்தான் என்பது அவளுக்கு உறைத்தது. குழல் பாய்க்குள் போகிறது. லைசென்ஸ் அவன் சட்டைப் பையில் போகிறது. கட்டை இங்கே, தன் கூடையின் அடியில். தோட்டா வீட்டில், அரிசிப் பானையில். லைசென்ஸில் பெயர் இருக்கிறவன் பக்கத்தில் இருக்கும்வரை அது அவன் துப்பாக்கி. அவன் போய்விட்டால் இது யாருடையது?

படகுத்துறைக்கு எதிரே ஆ ஹோக்கின் காப்பிக் கடை. விரைவுப் படகு வரும்வரை எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள். மிந்து கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டாள். கடைக்காரர் காப்பியை வைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் மறைக்கவில்லை. எங்கள் ஆற்றில் யார் வீட்டுத் துப்பாக்கி எங்கே இருக்கிறதென்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தோட்டா விற்கிறவர் அவர்தான்.

“இங்க வெச்சுட்டுப் போ. அரிசி மூட்டைக்கு அடியில கிடக்கட்டும்.”

“போலீஸ் வந்து பார்த்தா?”

“நான் பார்க்கலைம்பேன். நீ வெச்சே, நீ சொல்லிக்கோ.”

பக்கத்து மேசையில் வேறு ஆற்றுக்காரர் ஒருவர் இருந்தார். மரக்கட்டைதானே, விறகு என்று சொல்லிவிடு என்றார். விறகுக்கு எதற்கு வார்னிஷ் என்று ஆ ஹோக் கேட்டார். இரண்டு பேரும் அதைப் பற்றி வெகுநேரம் வாதாடினார்கள். பேசாமல் ஊருக்குத் திரும்பிப் போய்விடு, அவன் பிழைத்து வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆற்றுக்காரர் கடைசியாகச் சொன்னார். பிழைத்து வந்தால் என்று சொன்னதும் ஆ ஹோக் அவரை முறைத்தார். மிந்துவின் காப்பிக்கு இன்னும் கொஞ்சம் பால் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

திரும்பிப் போகலாம்தான். குழல் மட்டும் ஒருவனிடம் அகப்பட்டால், கட்டை எங்கே என்று கேட்பார்கள். இல்லை என்றால் லைசென்ஸ் போகும். எங்கள் ஆற்றில் ஒரு லைசென்ஸ் போனால் போனதுதான், புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை. அவள் வயலை நினைத்தாள். ஓடைப் பக்கத்துச் சரிவில் கதிர் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது.

பிறகு, வயலைத் தாண்டி அவனை நினைத்தாள்.

மங்காட் வேறு ஆற்றிலிருந்து வந்தவன். கல்யாணமானபோது அவள் அவன் வீட்டுக்குப் போகவில்லை, அவன் அவள் குடித்தனத்துக்கு வந்தான். எங்களில் அது குறைவில்லை, பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் வந்தவன் வந்தவன்தான். நிலம் அவள் குடித்தனத்துடையது. விதைநெல், வெண்கலத் தாளங்கள், பெரிய ஜாடிகள், கூடத்தில் உட்காரும் இடம், ரப்பர் மரங்கள் எல்லாம் அவள் தாய்வழி வந்தவை. காட்டில் மரம் வெட்டும் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் மரங்களைச் சங்கிலி கட்டி இழுத்துச் சம்பாதித்து அவன் வாங்கிக் கொண்டுவந்தது இந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றுதான். அந்த வீட்டில் அவன் பெயர் எழுதியிருந்த ஒரே பொருள் அது. ஆற்றில் வேறு யாராவது அதை இரவல் கேட்டு, வேட்டையில் துப்பாக்கிக்குச் சேரும் இறைச்சிப் பங்கைக் கொண்டுவந்து வைக்கும்போது, “அப்பாய் சிபாட் பங்கு” என்று சொல்லி வைப்பார்கள். வேறு எதைக் கொண்டுவந்தாலும் இண்டாய் சிபாட் வீட்டுக்கு என்பார்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் அவன் பெயர். அந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இதை அவள் முதல் முறையாக முழுதாக நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்க்காமலேயே இத்தனை காலம் தெரிந்துவைத்திருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

விரைவுப் படகு வந்தது. அவள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினாள். படகுக்குள் மல்யுத்தப் படம் ஓடியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவள் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு போனாள்.

டவுன் படகுத்துறையில் எப்போதும் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்பார்கள். சில நாள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், சில நாள் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்று செல்போன்தான். மிந்து அவர்களைக் கடந்து பத்தடி போனாள். யாரும் கூப்பிடவில்லை. தெரு திறந்து கிடந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் மேடு கண்ணுக்கு முன்னால் இருந்தது. நின்றாள். இப்படியே போனால் ஒளித்துவைத்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. திரும்பி வந்தாள். வயதில் பெரியவராகத் தெரிந்தவரிடம் போய், ஐயா என்பதற்குத் துவான் என்று அழைத்துச் சொன்னாள்.

“துவான், என் கூடையில பாதித் துப்பாக்கி இருக்கு.”

அவர் செல்போனைச் சட்டைப் பையில் வைத்தார். “மீதி?”

“ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு.”

இளையவர் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. கூடையை அவரே வாங்கிக்கொண்டார். அவளை முன்னால் நடக்கச் சொன்னார்.

ஸ்டேஷனில் சார்ஜன் சுலைமி என்றொரு போலீஸ் அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். பருத்த, நிதானமான ஆள். ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்கெனவே போன் வந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு வந்த நோயாளியின் பாய்க்குள் இரும்புக் குழாய் இருப்பதாகவும், நோயாளி அதை விடமாட்டேன் என்பதாகவும், மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் எடுக்க முடிந்ததாகவும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். குழலும் லைசென்ஸும் மேசைமேல் கிடந்தன. சார்ஜன் கைலியைப் பிரித்துக் கட்டையை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் இருந்த எண்ணை லைசென்ஸோடு ஒப்பிட்டார்.

“இதை யார் ரெண்டு பேருகிட்ட பிரிச்சுக் குடுக்கச் சொன்னது?”

“சட்டம்தான், துவான்.”

“எந்தச் சட்டம்?”

எங்கள் ஆற்றில் எல்லோரும் இப்படித்தான் கொண்டுவருகிறோம் என்றாள். கழற்றுவது சரி, சுற்றுவது சரி, தோட்டா தனியாக இருப்பது சரி, ஆனால் எல்லாமும் லைசென்ஸ் உள்ளவன் கையிலேயே இருக்க வேண்டும், கட்டையைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் நீங்கள் குற்றம் செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள் என்று சார்ஜன் விளக்கினார். மிந்து மனதுக்குள் எங்கள் ஆற்றுப் பெண்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தாள். நல்ல நீளமான வரிசை.

“நீங்களா வந்து குடுத்ததால இதை வழக்கா எழுதல, இண்டாய்,” என்றார் அவர். “பாதுகாப்புக்கு ஒப்படைச்சதுன்னு எழுதறேன். ஆனா இன்னொரு சிக்கல் இருக்கு.”

லைசென்ஸ் மாதக் கடைசியோடு முடிகிறது. மங்காட் அதற்குள் எழுந்து வர மாட்டான். வந்தாலும் பல மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தவணை தவறினால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். அவர்கள் சரி என்றாலும் காலம் பிடிக்கும். மாட்டேன் என்றால் சார்ஜனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதுவரை துப்பாக்கி இங்கேதான், பூட்டிய அறையில்.

“சுலபமா ஒரு வழி இருக்கு. நீங்க அவர் சம்சாரம். ஒரே வீடு, ஒரே வயல். அவர் படுக்கையில இருந்தே ஒரு கையெழுத்துப் போட்டா உங்க பேருக்கு மாத்திடலாம். ரெண்டு மூணு நாள்ல நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். முழுசா. ஒரே கூடையில.”

உங்கள் பெயருக்கு என்றதும் அவளுக்குள் ஏதோ மெல்ல நிமிர்ந்தது. அதை அவள் மறுக்கப் பார்க்கவில்லை. நன்றாக இருந்தது. படுக்கும் இடத்துக்கு நேர் மேலே சுவரில் தொங்கிக்கொண்டு, தொடாதே, தள்ளி நில் என்று இத்தனை காலம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்த பொருள், இனி அவளைக் கேட்டுக்கொண்டுதான் யார் கைக்கும் போகும். துப்பாக்கிப் பங்கை அவள் பெயர் சொல்லிக் கொண்டுவருவார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

அறுவை முடிந்து அவன் வார்டில் கிடந்தான். சன்னலுக்கு வெளியே ஈரத் துணிகள் காய்ந்தன. உதடு வெடித்திருந்தது. அவள் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். கண் திறந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

“கட்டை?”

“ஸ்டேஷன்ல. குழலும் அங்கதான். ரெண்டும் ஒண்ணா இருக்கு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நர்ஸ் சத்தம் போட்டதையும், பாயை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டதையும், ஒரு இளம் டாக்டர் இது குண்டா என்று கேட்டதையும் துண்டு துண்டாகச் சொன்னான். சொல்லும்போது சிரிக்கப் பார்த்து, தையல் இழுத்து, நிறுத்தினான். அவள் சார்ஜன் சொன்னதைச் சொன்னாள். மேலிடம், தவணை, தன் பெயர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் தடுத்துப் பேசுவான், கோபப்படுவான், சார்ஜனைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள்.

“எழுதிக்கோ,” என்றான். “நெல்லு பழுக்குது. பன்றி நான் எந்திரிக்கறவரைக்கும் காத்திருக்காது.”

“உனக்குச் சம்மதமா, அப்பாய்?”

“உன் வயல்தானே. துப்பாக்கியும் அங்கயே இருக்கட்டும்.”

அவ்வளவு இலேசாகச் சொன்னான். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றான். வயிறு விடவில்லை, முகம் மட்டும் திரும்பியது. மிந்து அவன் காதோரத்து நரையைப் பார்த்தாள். தன் ஆற்றிலிருந்து இறங்கி வந்து, கரையில் படகைக் கட்டிவிட்டு, அவள் தாய் மேலே வா என்று கூப்பிடும்வரை ஏணிக்குக் கீழேயே நின்ற வாலிபனை அவளுக்கு நினைவிருந்தது. அன்றும் முகத்தை இப்படித்தான் ஆற்றுப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தான், கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல. கேட்டால் தந்துவிடுகிறவன். தந்த பிறகு தனக்கென்று என்ன மிச்சம் என்று எண்ணிப் பார்க்கிற வழக்கமும் இல்லாதவன். அவனுக்காக அதை எண்ணிப் பார்க்க வேறு யாரும் இல்லை.

கஞ்சி வந்தது. ஸ்பூனால் ஊட்டினாள். இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்றான். மிச்சத்தை அவளே குடித்தாள்.

மறுநாள் காலை சார்ஜனிடம் போய், என் பெயருக்கு வேண்டாம் என்றாள்.

“ஏன்? அவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரா?”

“போடறேன்னுதான் சொல்றாரு.”

“அப்புறம் என்ன?”

சொல்ல நினைத்தாள். ஜாடி, நிலம், ரப்பர் மரம், கூடத்து இடம் என்று தொடங்கினால் இந்த மனிதர் எதை எங்கே எழுதுவார்? பொய்யே சொல்லாமல் பாதித் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தவள், முழுத் துப்பாக்கியின் முன்னால் நின்று ஒரு பொய்யைச் சொன்னாள்.

“எனக்குச் சுடத் தெரியாது, துவான்.”

சார்ஜன் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். அவளுடைய தோளையும் கையையும் பார்த்தார். நம்பினார் என்று தோன்றவில்லை. “அப்ப அவர்தான் வரணும். நடந்து, அவரே வரணும். நான் மேல எழுதிப் பார்க்கறேன். என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“அவரே வருவாரு,” என்றாள்.

அவனிடம் இதைச் சொன்னபோது பைத்தியக்காரி என்றான். நெல்லை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டான். அறுப்பேன் என்றாள். பன்றி அறுத்ததுபோக மிச்சத்தையா என்றான். ஆமாம், மிச்சத்தை என்றாள். அவன் போர்வைக்கு வெளியே கையை எடுத்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். கட்டில் சட்டத்தைப் பிடிப்பதுபோல உறுதியாகப் பிடித்தான். வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் விடவில்லை. எதிர்க் கட்டில் கிழவர் இருமிக்காட்டினார்.

அறுவடை தொடங்கிவிட்டதால் அவள் திரும்பி வந்தாள். தையல் பிரிக்கும்வரை டவுனில் தன் தூரத்து உறவு வீட்டில் மங்காட் தங்கினான். சேதி சொன்னதும் கூடம் முழுக்க அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. கட்டையைத் தூக்கியது குற்றம் என்றதைக் கேட்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்களில் சிலர் இதற்குமேல் எங்கள் முதுகு சும்மா வரும் என்று சந்தோஷப்பட்டார்கள். இண்டாய் லூத்தாவுக்கு மட்டும் ஆறவில்லை.

“நான் நீட்டின சோத்தைத் தொடாமப் போனான். அதான் குடல் இறங்குச்சு. சரி, அது அவன். உனக்கு என்ன கேடு? கைக்கு வந்ததை வேண்டாம்னுட்டு வந்திருக்க. பன்றிக்கு நீ என்ன, அத்தை மகளா?”

மிந்து எழுந்து அறுவடைக் கூடையை எடுத்தாள். காரணத்தைச் சொன்னால் கூடத்தில் இருக்கும் வந்தேறி மாப்பிள்ளைகளுக்கெல்லாம் அது போய்ச் சேரும். பாதிப் பேருக்கு வருத்தமாக இருக்கும்.

பன்றிகள் வந்தன. முதலில் ஓடைப் பக்கத்துச் சரிவின் கீழ் ஓரத்தைத் தின்றன, பிறகு நடுவில் புகுந்து மிதித்தன. தின்றதைவிட மிதித்தது அதிகம். கதிர்கள் மண்ணில் அமுங்கிக் கிடந்தன. துப்பாக்கி உள்ள வேறு குடித்தனத்து ஆட்கள் காவலுக்கு வரட்டுமா என்று கேட்டார்கள். உங்கள் வயலையே பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் நெல் ஒரே சமயத்தில்தான் பழுக்கிறது. பகலெல்லாம் அறுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வயல் குடிசையில் தகரத்தையும் அதைத் தட்டும் குச்சியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் சில நாள் தகரச் சத்தத்துக்கு அவை ஓடின. பிறகு நின்று கேட்டுவிட்டுப் போயின. பிறகு நிற்கவும் இல்லை.

கீழிருந்து வந்த படகுக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். அப்பாய் சிபாட் சுவரைப் பிடித்துப் பிடித்து ஸ்டேஷன்வரை நடந்தே போனாராம். மேலிடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை, அடுத்த வாரம் வந்து பார் என்றார்களாம். சரி என்று சொல்லிவிட்டு, போகாமல் மதியம்வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். சார்ஜன் காப்பி வாங்கிக் கொடுத்தாராம்.

அன்று மாலை வானம் மஞ்சளாக இருந்தது. எதிர் மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது, இங்கே இன்னும் வரவில்லை. மூங்கில் ஓரத்தில் நெல் அசைந்தது. காற்றில்லாமல் அசைந்தது. ஒரு முதுகு, அதன் பின்னால் இன்னொன்று, சின்னவை சில. மிந்து தகரத்தைத் தட்டினாள். அவை தலையைக்கூடத் தூக்கவில்லை. கதிரை இழுத்து மெல்லும் சத்தம் குடிசைவரை கேட்டது. அவள் தகரத்தைக் கீழே வைத்தாள். எழுந்து குடிசையின் படியில் நின்றாள். அவன் இருந்தால் அந்நேரம் அங்கேதான் நிற்பான், வாயைத் திறக்காமல், மூச்சை இறக்கிக்கொண்டு. அவன் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அவளுக்கும் அப்படி நிற்கத் தெரியும், சுடவும் தெரியும். மீதிதான் கையில் இல்லை.

“அப்பாய்,” என்று கூப்பிட்டாள். குரல் தனக்கே புதிதாக இருந்தது. இன்னும் சத்தமாக, சரிவு முழுக்கக் கேட்கும்படி, பக்கத்தில் நிற்பவனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அப்பாய் சிபாட். இதோ, வந்திருச்சு பாரு. பெரிசைப் பாரு. சுடு.”

பெரியது தலையைத் தூக்கியது. வாயிலிருந்து நெல் தாள் தொங்கியது. குடிசைப் பக்கம் பார்த்தது, அவளைப் பார்த்தது, அவளுக்கு அருகே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தது. பிறகு திரும்பி, பெரிய அவசரம் எதுவும் காட்டாமல், மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு மூங்கிலுக்குள் போயிற்று.